வில்லுக்கு அனுப்பிய நூல்

786
திருகோணமலை
3.2.1957

அன்புத் தம்பி பாயிஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் உதவியால் இங்கு எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். கிண்ணியாவில் உம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. உன் மதினி றம்ஸியா தலைச்சுற்றுடன் படுத்திருக்கிறாள். காரணத்தை உம்மா உனக்குத் தனியாக எழுதுவா.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். கடற்படை டொக்யாட்டில் கப்பற்பாய் தைக்கும் வேலையோடு வெள்ளைக்காரத் துரைமாரின் வில்லுகளுக்கு நாண் கட்டிக் கொடுப்பதும் நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் அம்பு எய்து விளையாடுகிறார்கள். நாணுக்கு வேண்டிய லினன் நூல் இங்கிலாந்திலிருந்து வரும். இப்போது சுயெஸ் கால்வாய் அடைபட்டுக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வருவதால் பார்சல் எப்போது வருமென்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பாய் தைக்கும் நூல் தடிப்பு. அதில் பதினான்கு இழை போட்டால் அம்பின் வால் நாணில் ஏறாது.

நீ வேலை செய்யும் புறக்கோட்டைக் கடையில் புத்தகம் கட்டுகிறவர்களுக்கென்று மெல்லிய லினன் நூல் விற்பதாக முன்பு சொன்னாய். ஒரு கட்டை நூல் வாங்கி அனுப்பு. முழுதும் லினனாக இருக்க வேண்டும், இடையில் முடிச்சு இருக்கக் கூடாது. பதினான்கு இழையும் ஒரே அளவாக இழுபட்டால்தான் நாண் நிற்கும். ஒன்று இளகினால் அதன் பாரமும் மற்றவற்றில் விழும்.

இந்த வருஷத்துக்குள் டொக்யாட்டை இலங்கை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரர் போகப்போவதாகக் கதை. எங்களில் யாரை வைத்திருப்பார்கள், யாரை நிறுத்துவார்கள் என்பது துரைமார் எழுதும் நற்சாட்சியைப் பொறுத்தது. ஆகையால் தாமதிக்காதே.

உன் நானா,
ஸெய்னுதீன்


கொழும்பு
20.2.1957

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். நான் நல்ல சுகம். உம்மாவின் கடிதமும் வந்தது. மதினியைப் பாரம் தூக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

நூல் அனுப்பியிருக்கிறேன். கடையில் கடைசியாக இருந்த கட்டை இது. முதலாளி எனக்காக உள்ளே போய்த் தேடி எடுத்துத் தந்தார். பழைய கட்டை என்பதால் லேபல் உரிந்திருக்கிறது, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மெழுகு கொஞ்சம் பூசியிருக்கிறது.

இனிமேல் கடிதங்களைக் கடை விலாசத்துக்கு எழுதாமல் மருதானையில் நான் தங்கியிருக்கும் அறைக்கு எழுதுங்கள். கடைக்கு வரும் கடிதங்களை முதலாளியின் மகன் மேசையில் போட்டு வைப்பதால் கைமாறிப் போகின்றன. இப்போது கடையில் வேலை அதிகம். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப இருட்டிவிடுகிறது. அதனால் பெருநாளைக்கும் வர ஏலாது போலிருக்கிறது.

உம்மாவுக்கு என் சலாம்.

தம்பி பாயிஸ்


திருகோணமலை
28.5.1957

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்புக்கு ஒருவருக்கும் குறையில்லை. மனதுக்குத்தான் சுகமில்லை. நீ அனுப்பிய நூல் கிடைத்ததென்று நான் எழுதாததைப் பொறுத்துக்கொள்.

அந்த நூலில் மார்ச் மாதம் நான்கு நாண் கட்டினேன். நான்கும் நன்றாக நின்றன. ஏப்ரல் முடிவில் இன்னும் இரண்டு கட்டினேன். வழக்கம் போலப் பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலைச் சுற்றி, தேன்மெழுகு தேய்த்து, வில்லில் மாட்டும் இரண்டு காதுக்கும் நடுப்பகுதிக்கும் மேற்சுற்றுச் சுற்றித்தான் கொடுத்தேன்.

கடந்த 19ஆம் திகதி ஞாயிறு, போட்டி நடந்துகொண்டிருக்கும்போது அந்த இரண்டில் ஒன்று அறுந்தது. ஒரு இளம் துரை வில்லை முழுக்க இழுத்துப் பிடித்திருந்த நேரம். நாண் போனதும் வில்லின் மேற்பாதி முறிந்து அவர் இடது கண்ணில் அடித்தது. அவர் மனைவி முன்வரிசைக் கதிரையில் இருந்தா. கண் தப்பாதென்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம்.

மறுநாள் விசாரணை. அறுந்த நாணை மேசையில் வைத்திருந்தார்கள், என்னைத் தொட விடவில்லை. பார்வைக்குக் கத்தி பட்டது போலிருக்கிறதே என்று விசாரித்த பெரிய துரை கேட்டார். எட்டு வருஷத்தில் என் கையால் கட்டிய நாண் ஒன்றும் அறுந்ததில்லை, என்னிடமிருந்து போன பிறகு யாரோ கை வைத்திருக்க வேண்டுமென்று சொன்னேன். வில்லுப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்குமென்று கேட்டார்கள். இராசதுரையிடம் என்றேன்.

இராசதுரையை உனக்குத் தெரியும். பாலையூற்றுக்காரர், என்னோடு பக்கத்துப் பலகையில் பாய் தைப்பவர். போன மாசி மாதம் நாண் கட்டும் வேலையைத் தனக்கும் காட்டித் தரச் சொல்லிக் கேட்டார். நான் காட்டவில்லை. அதன் பிறகு என்னோடு கதை குறைவு. இதையும் விசாரணையில் சொன்னேன். கேட்டார்கள் என்றல்ல, நானாகவே சொன்னேன்.

அவர்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறு யார்?

நானா


கொழும்பு
14.6.1957

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குச் சுகம். நீங்களும் மதினியும் உம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. திறப்பு வைத்திருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இராசதுரை அப்படிப்பட்டவராக இருக்கலாம், மனிதரை யார் அறிவார்?

மிச்ச நூல் உங்களிடம் இருந்தால் எறிந்துவிடுங்கள் நானா. கண் போன நூல் வீட்டில் இருக்கக் கூடாது. மதினி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற நேரம். எரித்தால் இன்னும் நல்லது.

கடையில் வேலை அதிகம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பாயிஸ்


திருகோணமலை
25.8.1957

தம்பி பாயிஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

றம்ஸியாவுக்கு இந்த மாதம் பதினோராம் திகதி பெண் பிள்ளை பிறந்தது. றஹ்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். தாயும் பிள்ளையும் சுகம்.

ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதைப் பல தரம் வாசித்தேன். துரையின் கண் போய்விட்டது, அவரைக் கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலை முதலாம் திகதியிலிருந்து இராசதுரையை வேலைக்கு வர வேண்டாமென்று நிறுத்தியிருக்கிறார்கள். அவருடைய பலகை என் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

நூலை எறியச் சொன்னாய். சாத்திரம், சகுனம் ஒன்றையும் நம்பாதவன் நீ. வாப்பா மௌத்தான வீட்டில் மூன்றாம் நாள் சிரித்துப் பேசியவன். ஒரு கட்டை நூலுக்கு ஏன் பயப்பட்டாய் என்ற எண்ணம் என்னை விடவில்லை. போன ஞாயிறு அலுமாரியிலிருந்து கட்டையை எடுத்து, மிச்ச நூல் முழுவதையும் பிரித்துப் பார்த்தேன்.

லினன் நூலை முறுக்கு நீக்கி இழுத்தால் நார் ஒரு சாண் நீளத்துக்கு வரும், பளபளப்பு இருக்கும். கட்டையில் கிடந்த நூல் விரற்கடையில் பஞ்சாக உதிர்ந்தது. பருத்தி. நார் குட்டையானதால்தான் அறுந்த இடம் கத்தி பட்டது போலிருந்தது. நான் முதலில் கட்டிய நான்கு நாணுக்கு வந்தது மட்டும்தான் லினன். பருத்திக்கு மேலே லினனைச் சுற்றி, இரண்டுக்கும் ஒரே நிறம் வர மெழுகு பூசியிருக்கிறது. இது கடையில் நடக்கிற காரியமா?

மாமி மகன் ஹிஸ்புல்லா கடந்த வாரம் கொழும்பு வந்தபோது உன்னைப் பார்க்கக் கடைக்குப் போயிருக்கிறான். பாயிஸ் இங்கே இல்லை, டிசம்பரிலேயே போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள். பெப்ரவரியில் முதலாளி உள்ளே போய்த் தேடி எடுத்துத் தந்ததாக எழுதினாயே?

இன்னொன்றும் எழுத வேண்டும். ஐந்தாவது நாணுக்கு மெழுகு தேய்க்கும்போதே என் பெருவிரலுக்கு ஏதோ வேறுபாடு தெரிந்தது. நீ அனுப்பிய நூல் என்பதால் நிறுத்திப் பார்க்கவில்லை.

ஒபீசில் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவுக்கும் சொல்லவில்லை. முதலில் நீ பதில் எழுது.

ஸெய்னுதீன்


கொழும்பு
29.9.1957

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். உங்கள் அனைவரின் நலத்தையும் நாடுகிறேன். குழந்தை றஹ்மா பிறந்த செய்தி அறிந்து மிகவும் சந்தோஷம். யாருடைய சாயல்? தலைமுடி எடுத்தாகிவிட்டதா? மதினிக்குப் பத்தியச் சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா? உம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் இருக்கிறது, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கொழும்பில் காய்ச்சல் பரவுகிறது. நீங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

நூல் விஷயம் கடிதத்தில் எழுதக் கூடியதல்ல. நேரில் கதைப்போம்.

பாயிஸ்


திருகோணமலை
3.11.1957

பாயிஸுக்கு,

சுகம்.

நேரில் கதைப்போம் என்றாய். ஒரு மாதமாக ரயில் வரும் நாளெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்வருகிறேன்.

போன மாதம் டொக்யாட்டில் வெள்ளைக்காரரின் கொடியை இறக்கிவிட்டார்கள். நாங்கள் மதிலோரம் நின்று பார்த்தோம். எங்களில் பாதிப் பேரை நிறுத்தியாயிற்று. என்னைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். நிரந்தரமாக எடுப்பவர்களின் பட்டியல் டிசம்பர் கடைசியில் முடிவாகுமாம். என் பெயர் அதில் இருக்கிறது. இராசதுரையின் பெயர் இல்லை. சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டவருக்கு நற்சாட்சி கிடையாது.

வெள்ளிக்கிழமை அவரை பஸ் நிலையத்தில் கண்டேன். திரியாய் பஸ்ஸில் ஒரு அரிசிப் பையை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பையை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் தலையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத ஒரு தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ எழுதினால்தான் நான் யாரிடமும் எதையும் சொல்லலாம். சொல்லிவிட்டு, உன் தம்பி என்ன சொல்கிறான் என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

உன்னை நினைத்தால் கோபம் வருகிறது. கடிதம் வராத நாட்களில் கோபத்தோடு பயமும் வருகிறது. உயிரோடு இருக்கிறாயா என்றாவது எழுது.

ஸெய்னுதீன்


கொழும்பு
21.12.1957

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உயிரோடு இருக்கிறேன்.

போன வருஷம் டிசம்பர் பன்னிரண்டாம் திகதி கடையில் ஒரு பெட்டி கத்தரிக்கோல் காணாமற் போனது. முதலாளியின் மகன் எல்லோருக்கும் முன்னால் என் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். பையில் ஒன்றும் இல்லை. இருந்தும், "இவன் ஏற்கெனவே வெளியில குடுத்திருப்பான்" என்றான். நான் கையில் இருந்த சாமானைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு போகவில்லை. அன்று முதல் மருதானை ஸ்டேஷனுக்கு வெளியே நின்று பார்சல் தூக்குகிறேன்.

இதை உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் முதலில் கேட்பது, "எடுத்தாயா?" என்பதாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் கையெழுத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

நூல் கேட்டு நீங்கள் கடைக்கு எழுதிய கடிதத்தை அங்கே வேலை செய்யும் பையன் ஒருவன் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து தந்தான். அப்போது நான் அந்தக் கடை வாசலை மிதிக்க முடியாதவன். வேறு கடைகளில் அந்த நூல் இல்லை. புத்தகம் கட்டுகிற ஒருவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் லினன் நூல் வாங்கினேன். அது கால் கட்டைக்கும் காணாது. இல்லை என்று எழுதினால் காரணம் கேட்பீர்கள். ஒரு பருத்தி நூற்கட்டையில் அதை மேலே சுற்றி, மெழுகுதிரியால் தேய்த்து அனுப்பினேன். துரைமாரின் விளையாட்டுத்தானே, அறுந்தால் வேறு கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நாண் அறுந்தால் வில்லும் முறியும், வில் முறிந்தால் ஒருவனுடைய கண் போகும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாதென்றாலும் பொய் பொய்தான்.

இராசதுரை என்று நீங்கள் எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் இத்தனை மாதம் எடுத்தது.

பாயிஸ்


கிண்ணியா
12.1.1958

தம்பி பாயிஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் சுகம். பெருவெள்ளத்தில் ரயில் பாதை அடிபட்டுப் போனதால் உன் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. குசினிச் சுவர் மட்டும் இடிந்தது. உம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தா.

நீ எழுதும்வரை நான் காத்திருக்கவில்லை. டிசம்பர் பதினாறாம் திகதி, பட்டியல் முடிய முன்னர், ஒபீசுக்குப் போய்ச் சொன்னேன். நூல் கலப்பு, நான் பார்க்காமல் கட்டினேன், இராசதுரைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். கட்டையையும் மேசையில் வைத்தேன். யார் வாங்கிய நூல் என்று கேட்டார்கள். கொழும்பில் வாங்கியது என்று மட்டும் சொன்னேன். என் பெயரை வெட்டினார்கள். இந்த மாதத்திலிருந்து இராசதுரை நிரந்தர வேலையில் இருக்கிறார். நான் இங்கே தோணிகளுக்குப் பாய் தைக்கிறேன்.

அன்று ஒபீசிலிருந்து நேரே பாலையூற்றுக்குப் போனேன். இராசதுரை வாசலில் நின்றபடியே கேட்டார், உள்ளே வரச் சொல்லவில்லை. கடைசியில், "எட்டு வருஷம் பக்கத்தில இருந்து தைச்சனாங்கள். என்னட்ட ஒருக்கா நேர கேட்டிருக்கலாம். நீர் கேக்கேல்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

உன் கடிதத்தை வாசித்த பிறகும் என் மனம் ஆறவில்லை. கத்தரிக்கோல் நீ எடுக்கவில்லை என்பதை நம்ப விரும்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதப் பேனை எடுத்தால் கை நிற்கிறது. இனி நீ எழுதும் எதையும் நான் இரண்டு தரம் வாசிக்கத்தான் போகிறேன். உன்னிடம் எதற்கு மறைக்க?

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. பாதை திறந்ததும் வா. கிண்ணியாவுக்கு வர முன்னர் பாலையூற்றுக்குப் போ. இராசதுரைக்கு முன்னால் நின்று நடந்ததை உன் வாயால் சொல். அவர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல், ஒன்றையும் மறைக்காதே. அதன் பிறகு வீட்டுக்கு வரலாம்.

நானா


கொழும்பு
9.2.1958

நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மா, மதினி, றஹ்மா எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். வீட்டுக்கு வராமல் திரும்பியதற்கு நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள். காரணத்தை எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை ரயிலால் இறங்கி நேரே பாலையூற்றுக்குப் போனேன். இராசதுரை அண்ணன் வேலியில் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்தார். அவருடைய மனைவி அன்னலட்சுமி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றா. கடை, கத்தரிக்கோல், பருத்தி, மெழுகு எல்லாவற்றையும் சொன்னேன். இராசதுரை என்று நீங்கள் எழுதியபோது எனக்கு வந்த நிம்மதியையும் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழும்பும்போதுதான் கேட்டார்.

"உம்மட நானாவுக்கு இது எப்ப தெரியும்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் சொன்னார்: "மழை துவங்கினாப் பிறகுதான் நூலைப் பிரிச்சுப் பாத்தனான், அடுத்த நாளே ஒபீசுக்குப் போனனான் எண்டு அவர் சொன்னவர். அப்பிடியே?"

நீங்கள் அவரிடம் அப்படிச் சொன்னதை எனக்கு எழுதவில்லை நானா. உங்கள் ஓகஸ்ட் மாதக் கடிதம் அப்போது என் சேட்டுப் பையில் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொல் என்று அனுப்பியது நீங்கள்.

"ஓகஸ்ட்" என்றேன்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். "செத்தெம்பர், ஒக்டோபர், நவம்பர்" என்று அக்கா மெல்லச் சொன்னா. வீட்டை நடத்த வழியில்லாமல் அந்த மாதங்களில் அவவும் பிள்ளைகளும் திரியாயில் தாய் வீட்டில் இருந்தார்களாம். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்தது அப்போதுதானாம். இராசதுரை அண்ணன் என்னை வேலிப் படலை வரை கொண்டுவந்து விட்டார்.

அங்கிருந்து கிண்ணியாவுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாமல் போய்விட்டது. அன்றைய ரயிலிலேயே ஏறிவிட்டேன்.

பிள்ளைக்கு என் முத்தம்.

பாயிஸ்


கிண்ணியா
30.3.1958

அன்புத் தம்பி பாயிஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகம். றஹ்மா இப்போது எழுந்து உட்காருகிறாள். உம்மா உன்னைக் கேட்டபடி இருக்கிறா.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஏழு வாரம் எடுத்துவிட்டேன். நீ சொன்னது சரி. ஓகஸ்டில் எனக்குத் தெரியும். உன் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்று உனக்கு எழுதினேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். பட்டியலில் என் பெயர் இருந்தது, பிள்ளை பிறந்திருந்தது. உன் பதில் வராமல் இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பாலையூற்று வாசலில் நின்றபோது திகதியை மாற்றிச் சொன்னேன். அவர் கேட்காமலே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாலையூற்றுக்குப் போனேன். அன்னலட்சுமி படலைக்கு வந்து, அவர் வீட்டில் இல்லை என்றா. அவருடைய சைக்கிள் வேப்பமரத்தில் சாத்தியிருந்தது. சரி பிள்ளை, நான் நிற்கிறேன் என்று சொல்லி ரோட்டோரம் நின்றேன். வெயில் சாயும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை. கிண்ணியாவுக்குப் போகும் கடைசித் தோணிக்கு நேரமானதால் திரும்பினேன்.

வாற வெள்ளிக்கிழமையும் போவேன். நீ பெருநாளைக்கு வீட்டுக்கு வா. உன்னிடம் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் நானா,
ஸெய்னுதீன்